வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்?

எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் எதை முதலில் பேசுவது என்று உங்களில் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். ஆஸ்பத்திரியில் வண்ணப் படம் போட்ட புத்தகம் கொடுத்திருக்கிறார்களாம். வயிறு இப்போது எப்படி இருக்கிறது, வெட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறதே, அதைக் காட்டினால் போதாதா அக்கா என்றாள். போதாது கண்ணு. படத்தில் இருக்கிற வயிற்றுக்கு மாமியார் கிடையாது, பங்காளி வீட்டு விருந்து கிடையாது, ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுகிற அம்மா கிடையாது. உங்கள் முன்னால் வந்து உட்காருகிற வயிற்றுக்கு இதெல்லாம் உண்டு. போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சந்தோஷமான கதையை எதிர்பார்க்காதீர்கள். நன்றாகப் போன ஆபரேஷன்கள் நிறைய. அவர்கள் மெலிந்து, சர்க்கரை மாத்திரையைக் குறைத்து, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறி, நம்மை மறந்துவிட்டார்கள். அப்படித்தான் மறக்கவும் வேண்டும். நம்மோடு தங்கிவிடுகிறவர்கள் மற்றவர்கள்.

தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில வருடங்கள் பெங்களூரிலிருந்து ஒரு சர்ஜன் வந்து எங்களிடம் இந்த ஆபரேஷனைச் செய்தார். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விட்டுவிடுவார். அதற்கு முன்னால் நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. அதற்கு கவுன்சலிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பயமுறுத்துகிற வேலை என்றுதான் சொல்வேன். வெட்டியது திரும்ப வளராது, வைட்டமின் மாத்திரையை ஆயுள் முழுக்க விடக் கூடாது, முடி கொட்டும், தோல் தொங்கும், ஒரு வருடத்துக்கு மேல் குழந்தைப் பேச்சே எடுக்கக் கூடாது, வாந்தி வந்தால் வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்காமல் எங்களிடம் வர வேண்டும் என்று வரிசையாகச் சொல்வேன். சர்ஜன் சிரிப்பார். நீங்கள் பயமுறுத்தியும் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் நான் செய்ய வேண்டும் என்பார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

ஆனால் ஆரம்பத்தில் நாங்களும் புத்தகத்தைத்தான் நம்பினோம். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்கு மெல்லத் தேவையில்லாத மிருதுவான உணவாகச் சாப்பிடுங்கள் என்று அதில் இருந்ததை அப்படியே ஒரு டிராக்டர் டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போன வேகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்றால், நீங்கள் சொன்னதைத்தான் என்கிறார். ராகிக் களி. நம் பக்கத்தில் களியை யார் மெல்கிறார்கள்? உருண்டை பிடித்து, குழம்பில் முக்கி, அப்படியே விழுங்குவதுதான் பழக்கம். அதைவிட மிருதுவான, மெல்லத் தேவையில்லாத உணவு இந்த ஜில்லாவில் ஏது? அவர் பேரில் துளி தப்பு இல்லை. நல்லவேளை, உள்ளே தையல் பிரியவில்லை. அதற்குப் பிறகு, உங்கள் வீட்டில் காலையில் என்ன, மத்தியானம் என்ன, யார் சமைக்கிறார்கள் என்று கேட்காமல் நான் யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

களியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் யாருக்கெல்லாம் இது தெரியும் என்று கேட்டால் உடனே பதில் வராது. அந்தக் கேள்வியை ஏன் விடாமல் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் கோமதியைப் பற்றிச் சொல்கிறேன். அது அவள் நிஜப் பெயர் இல்லை.

கோமதி மொரப்பூர் பக்கத்துப் பெண். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விவசாயக் குடும்பம். அப்பா காலமாகிவிட்டார், அம்மாதான் எல்லாம். அழகுக்காக வயிற்றை வெட்டிக்கொள்ள வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். நின்று பாடம் நடத்த முடியாதபடி முழங்கால் வலி, அந்த வயதிலேயே சர்க்கரை, படுத்தால் மூச்சு அடைத்து எழுந்து உட்காருவாள். சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்து, நடந்து பார்த்து, மருந்து சாப்பிட்டுப் பார்த்து எல்லாம் தோற்ற பிறகு வந்தாள். ஆபரேஷன் அவளுக்குத் தேவையாகத்தான் இருந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் பழி முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் போய் உட்காரும்.

நான் சொன்னதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் போலவே கவனமாகக் கேட்டாள். திருப்பிச் சொல்லச் சொன்னேன், பிசகாமல் சொன்னாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"தை மாசத்துக்குள்ள முடி கொட்டிருமாங்க சிஸ்டர்?"

தை மாதத்தில் என்ன என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். அப்படித்தான் கல்யாணம் வெளியே வந்தது. ஏரியூர்ப் பக்கம் மாப்பிள்ளை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், தேதியும் குறித்தாகிவிட்டது. பிடித்துவிட்டதென்றால் பிறகு என்ன அவசரம், கல்யாணத்துக்குப் பிறகு புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து செய்துகொள்ளலாமே என்றேன். அந்த அம்மா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது.

"பையன் சரின்னுட்டாருங்க. ஆனா மண்டபத்துல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கல்ல? அதக் கேட்டு மனசு மாறிப்போச்சுன்னா என்னாங்க பண்றது?"

அப்படியானால் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டாவது செய்யுங்கள் என்றேன். அந்தப் பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. வயிற்றில் கத்தி வைத்த பெண் என்றால் குழந்தை பிறக்காது என்று கதை கட்டிவிடுவார்கள் என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று நானும் சொன்னேன், சர்ஜனும் சொன்னார். ஆனால் அவருடைய பயம் மருத்துவத்தைப் பற்றியது இல்லை. அண்டை அயல் பெண்களை எல்லாம் கட்டிக்கொடுத்த பிறகும் தன் மகளைப் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பேசுகிறோம் என்று சொல்லிப் போனதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பயம் அது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் இவ்வளவு குறைந்த இடைவெளி கூடாது, இரண்டில் ஒன்றைத் தள்ளிப் போடுங்கள் என்று சர்ஜன் கறாராகச் சொன்னார். சில நாள் கழித்து அம்மாவும் மகளும் வந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டோம், ஆடி கழித்துத்தான் என்றார்கள். நம்பினோம். தொழிலில் இதற்கு வழி கிடையாது, சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். ஆபரேஷன் நன்றாக நடந்தது. வீட்டுக்குப் போகிற அன்று கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் தானே சொல்லிவிடுவதாகவும், அதற்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும் என்றும் சொன்னாள். நல்ல முடிவு என்றேன்.

முதல் பரிசோதனைக்கு வந்தாள். எடை இறங்கத் தொடங்கியிருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. முகத்தில் ஒரு தெளிவு. அடுத்த பரிசோதனைக்கு வரவில்லை. போன் செய்தால் அம்மா எடுத்தார். நன்றாக இருக்கிறாள், சேலத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள், வந்ததும் கூட்டி வருகிறேன் என்றார். மறுபடி கூப்பிட்டபோதும் அதே சித்திதான். அப்போதே கோமதிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. குறித்த அதே தை மாதத்தில்.

அதன் பிறகு நடந்ததை நான் பின்னால் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை வரிசையாகச் சொல்கிறேன். எந்த இடத்தில் யார் கெட்டவர்கள் என்று தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்கள்.

கல்யாணம் ஆனவர்களை விருந்துக்குக் கூப்பிடுவது நம் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெரியப்பா வீட்டில் கோழி அடித்தால் சின்னத்தை வீட்டில் ஆடு. இலையில் மிச்சம் வைத்தால், எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். பாசத்தில்தான் கேட்பார்கள். கோமதியின் வயிற்றில் ஒரு சின்ன டம்ளர் அளவுக்கு மேல் இடம் இல்லை. அதுவும் மெதுவாக, மென்று, கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். அவள் எல்லோர் முன்னாலும் சாப்பிட்டாள். பிறகு கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். விருந்துக்கு விருந்து இதேதான்.

விருந்து ஓய்ந்த பிறகும் வாந்தி ஓயவில்லை. தண்ணீர் குடித்தால்கூட வந்தது. கணவன் ஓசூரில் தங்கி வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருகிறவர். மற்ற நாளெல்லாம் அவளும் மாமியாரும்தான். மாமியார் ஒருநாள் கொல்லையில் அவள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் என்ன நினைப்பார்? புதுப்பெண் வாந்தி எடுத்தால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். நாளும் தள்ளிப் போயிருந்தது. கோமதிக்கு எப்போதுமே நாள் ஒழுங்காக வராது என்பது மாமியாருக்கு எப்படித் தெரியும்? கடையில் வாங்கிய அட்டையில் சோதித்துப் பார்த்தார்கள். இல்லை என்று காட்டியது. இன்னும் நாள் பத்தவில்லை, அதனால் காட்டாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மாமியார் அந்த மகிழ்ச்சியை விட மனமில்லாமல் மாங்காய் வாங்கி வந்தார்.

கோமதி ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். மசக்கை என்று சொன்ன நாளிலிருந்து அவளை யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை. இலை முன்னால் உட்கார வைக்கவில்லை. எதற்காக வாந்தி என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை, அவளுக்கு அது கொடுக்கப்பட்டது. அவள் போர்த்திக்கொண்டாள். வைட்டமின் மாத்திரைகளை எப்போதோ விட்டிருந்தாள். புகுந்த வீட்டில் தினமும் ஒரு கை நிறைய மாத்திரை விழுங்கினால் என்ன நோய் என்று கேட்பார்கள் அல்லவா? அதனால் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வாரங்கள் போயின. நடக்கும்போது சுவரைப் பிடித்தாள். எதைப் பார்த்தாலும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். சத்துக் குறைவு என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மசக்கையில் சோர்ந்த பெண்ணுக்கு யாரும் செய்கிறதுதான். மறுநாளும் ஏற்றினார்கள். அதற்கடுத்த காலையில் அவள் மாமியாரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறாள். அப்போதுதான் பயந்துபோய் கார் பிடித்து தருமபுரிக்குக் கொண்டு வந்தார்கள்.

இதில்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

அவசரப் பிரிவிலிருந்து வார்டில் கட்டில் கேட்டுப் போன் வந்தது. நான் கீழே போனேன். கட்டிலில் கிடந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, முடி கொட்டி, வேறு யாரோ போல இருந்தாள். புகுந்த வீட்டு விலாசத்தில் கணவர் பெயரைப் போட்டுப் புதுச் சீட்டு வாங்கியிருந்தார்கள். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், கெட்டிக்காரர். கேட்க வேண்டியதை எல்லாம் சரியாகக் கேட்டார். மாமியார் மசக்கை என்றார். வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்துவிட்டு, முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்றும் கேட்டார்.

கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு அம்மா, "பித்தப்பையில கல்லுங்க" என்றார்.

குரல்தான் எனக்குப் பிடிபட்டது. நிமிர்ந்து பார்த்தேன், கோமதியின் அம்மா. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்ததும் மொரப்பூரிலிருந்து பஸ் பிடித்து நேராக வந்திருக்கிறார். பித்தப்பைக் கல்லுக்கும் அதே இடங்களில் தழும்பு இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் பாருங்கள். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மாமியார் பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார்.

நான் குனிந்து, "கோமதி, என்னைத் தெரியுதா?" என்றேன். அவள் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடின. "ஹெச்செம் வந்துட்டாங்களா?" என்றாள், பள்ளிக்கூடத்தில் இருக்கிற நினைப்பில்.

நம் தொழிலில் வாயை மூடிக்கொள்ளத்தான் பழக்குகிறார்கள். சரிதான். நோயாளியின் ரகசியம் நோயாளியுடையது. அதைப் புருஷனிடமும் சொல்லக் கூடாது, மாமியாரிடமும் சொல்லக் கூடாது. அவளிடம் அனுமதி கேட்கலாம் என்றால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அந்த அம்மாவோ கும்பிடாத குறையாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கல்யாணம் அந்த இடத்தில் என் நாக்கில் இருந்தது. இன்னொரு பக்கம் டாக்டரம்மா குளுக்கோஸ் டிரிப் போடச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார். யோசிக்க ரொம்ப நேரம் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான்: ரகசியத்தை ஊரிடமிருந்து காப்பாற்று, வைத்தியம் பார்க்கிறவரிடமிருந்து காப்பாற்றாதே.

டாக்டரம்மாவின் பின்னாலேயே போனேன். மருந்து அலமாரிப் பக்கம் யாரும் இல்லாத இடத்தில், அது பித்தப்பை ஆபரேஷன் இல்லை, எடைக்காகச் செய்தது, நம் ஆஸ்பத்திரியிலேயே செய்தது என்றேன். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஈரக் கையோடு திரும்பி ஓடினார். ஓடிக்கொண்டிருந்த டிரிப்பைத் தானே மூடிவிட்டு, பி1 வைட்டமின் ஊசியைக் கொண்டுவரச் சொன்னார். என்னைவிட வேகமாக அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடாமல் வாந்தி எடுக்கிற உடம்பில் அந்த வைட்டமின் தீர்ந்துபோய்விடும். மூளை சர்க்கரையைப் பயன்படுத்த அது வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசித் துளியும் செலவாகி மூளை கெடும். முதலில் வைட்டமின், பிறகுதான் குளுக்கோஸ். இந்த ஒரு வரிசை மாறக் கூடாது. ஏரியூர் கிளினிக்கில் இருந்தவர்களுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா கோமதியின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தனியாக என்றால், நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு திரைதான். அந்த அம்மா பேச ஆரம்பித்ததும் அழுதுவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் மாமியார் நின்றிருந்தார். கோபப்படுவார், ஏமாற்றிவிட்டீர்களே என்று கத்துவார் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கஞ்சி காச்சிக் குடுத்திருப்பேனே," என்றார். "மாங்காயில்ல அரிஞ்சு குடுத்தேன்."

கணவர் மத்தியானம் வந்து சேர்ந்தார். கம்பெனிச் சட்டையோடு ஓசூரிலிருந்து அப்படியே வந்திருந்தார். அதற்குள் மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிருந்தது, அவருடைய அம்மாவே சொல்லிவிட்டார். கேட்டுவிட்டுக் கட்டில் பக்கம் போய் நின்றார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போல என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவங்க குண்டா இருக்கறதப் பாத்துட்டுத்தானேங்க நான் சரின்னேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாத்திரை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். இத்தனை வருட வேலையில் செத்தவர்களைப் பார்த்து அழாத நான் அன்றைக்கு அழுதேன். யாரோ பேசுவார்கள் என்பதற்காக, பேசாத ஒருவரிடமிருந்து ஒளித்து வைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். அந்த மனிதரிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

ஆகவே, பிள்ளைகளே, வருகிறவர்களிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? நீங்கள் மயங்கிக் கிடந்தால் டாக்டர் கேட்கும்போது யார் உண்மையைச் சொல்வார்கள்? ஒருவர்கூட இல்லை என்று வந்தால் அவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அவசரப்படுத்தாதீர்கள், திட்டாதீர்கள், ஒரு ஆளைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். கல்யாணத்துக்காக, மண்டபத்துக்காக, போட்டோவுக்காக வருகிறவர்களுக்கு இது ஏற்றதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். புகுந்த வீட்டில் எடுத்து வெளியே வைக்க முடியாத மாத்திரையை யாரும் ஆயுள் முழுக்கச் சாப்பிட முடியாது. சர்ஜன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நல்ல சர்ஜனாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோமதி பிழைத்தாள். கண்கள் சில நாட்களில் நிலைக்கு வந்தன. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ஆனால் புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. கல்யாணம் வரை எல்லாம் தெரிகிறது. வாய்ப்பாடு தெரிகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிகிறது. இன்று காலையில் நடந்தது மத்தியானம் இருப்பதில்லை. சேலத்தில் மூளை நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தேறலாம், முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றுவிட்டார். கணவர் ஓசூர் வேலையை விட்டுவிட்டு ஏரியூருக்கே வந்துவிட்டார். இருக்கிற நிலத்தில் தக்காளி போடுவதாகச் சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தார். நல்ல சேலை உடுத்தி, தலை வாரி, பூ வைத்துக் கூட்டி வந்திருந்தார். வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் கோமதி சேலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது வெட்கம் இல்லை, பயம். என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காதில் பேசினாள்.

"அவர வெளிய அனுப்புங்க சிஸ்டர். தழும்பப் பாத்துட்டா கேப்பாரு. அவருக்கு எதுவும் தெரியாதுங்க."

அவர் தானாகவே வெளியே போனார். பரிசோதனை முடிந்து நான் திரைக்கு வெளியே வந்தபோது சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் காதில் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது.

"தெனமும் இப்பிடித்தாங்க," என்றார். "எனக்குத் தெரியும், நான் ஒண்ணும் நெனைக்கலைன்னு சொல்லுவேன். நம்பவே மாட்டாங்க. அப்பறம் அழுவாங்க. அழுது முடிச்சா மொகமே தெளிஞ்சிரும், அன்னைக்கு நல்லா சாப்புடுவாங்க. காலைல எந்திரிச்சா மறுபடி சேலையை இழுத்து மூடிக்கிறாங்க. சொன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா அழறாங்க. சொல்லாம விட்டா நாளெல்லாம் பயந்துக்கிட்டே இருக்காங்க. நான் என்னாங்க சிஸ்டர் பண்றது?"

கவுன்சலிங் என்று எத்தனையோ பேருக்குப் பேசியவள் நான். அவரிடம், "அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி," என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். திரையை இழுத்து மூடிக்கொண்டு, முதல் தடவை சொல்கிறவர் போலவே நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கோமதி அழுகிற சத்தம் கேட்டது.